காந்தம்: மீக்கடத்தியின் பகையும் துணையும்

(கல்லூரி இயற்பியல் மன்றம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடோலினியம் என்று ஓர் உலோகம் இருக்கிறது. அருமண் தனிமங்களில் ஒன்று. அணு எண் 64. அதன் ஒவ்வோர் அணுவும் வலுவான ஒரு குட்டிக் காந்தம். இந்தக் கடோலினியத்தை வைத்துச் செய்த இரண்டு சோதனைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய பேச்சு முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள புதிரைப் பற்றியதுதான்.

முதல் சோதனை 1958-இல் நடந்தது. அமெரிக்காவில் பெர்ன்ட் மத்தியாஸும் அவருடைய கூட்டாளிகளும் லாந்தனம் என்ற உலோகத்தை எடுத்துக்கொண்டார்கள். அது ஏறக்குறைய 6 கெல்வினில், அதாவது உறைநிலைக்குக் கீழே 267 டிகிரியில், மின்தடையை அடியோடு இழந்து மீக்கடத்தி ஆகிவிடும். அதில் நூறு அணுவுக்கு ஓர் அணு என்ற கணக்கில் கடோலினியத்தைக் கலந்தார்கள். மீக்கடத்தல் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. மற்ற அருமண் தனிமங்களையும் ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். எந்த அணுவுக்கு ஸ்பின் அதிகமோ, அந்த அணுதான் அதிகமாகக் கெடுத்தது. ஸ்பின் என்பது எலக்ட்ரானின் தற்சுழற்சி; அணுக் காந்தத்துக்கு அதுவே முக்கிய ஊற்று.

இரண்டாவது சோதனை 1987-ஆம் ஆண்டுக்குரியது. யிட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்ஸிஜன் சேர்ந்த ஒரு கறுப்புச் செராமிக் பொருள் 93 கெல்வினில் மீக்கடத்தி ஆவதைப் பால் சூவும் மௌ-குவென் வூவும் அவர்களுடைய குழுவினரும் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். அதில் யிட்ரியத்தை அறவே நீக்கிவிட்டு, அது இருந்த இடம் எல்லாவற்றிலும் கடோலினியத்தைப் போட்டார்கள். நூற்றில் ஒரு பங்குக்கே மூச்சு நின்றுபோன கதை நமக்குத் தெரியும். இங்கே நூற்றுக்கு நூறு. ஒன்றும் ஆகவில்லை, மீக்கடத்தல் 90 கெல்வினுக்கு மேலேயே தொடங்கியது. இன்னும் குளிர்வித்தால், 2.2 கெல்வினில் கடோலினிய அணுக்கள் தங்களுக்குள் ஒரு காந்த ஒழுங்கை அமைத்துக்கொள்கின்றன. அப்போதும் மீக்கடத்தல் அசையவில்லை. 2014-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதே கடோலினியப் பொருளின் கட்டிகளுக்குள் 26 கெல்வினில் 17.6 டெஸ்லா காந்தப் புலத்தைச் சிறைப்பிடித்துக் காட்டினார்கள்.

அங்கே கொன்ற தனிமம் இங்கே ஏன் சாதுவாக இருக்கிறது? விடை தேடப் போனால், காந்தம் மீக்கடத்தியின் எதிரி என்ற பழைய பாடத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பகைக்குக் காரணம்

பழைய பாடம் என்ன என்று பார்ப்போம். 1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தபோது, 4.2 கெல்வினில் அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 1933-இல், பெர்லினில் மெய்ஸ்னரும் ஆக்ஸன்ஃபெல்டும் இன்னொன்றைக் கண்டார்கள். மீக்கடத்தி தனக்குள் காந்தப் புலத்தை அண்டவிடுவதில்லை. முன்பே உள்ளே இருந்த புலத்தையும் வெளியே தள்ளிவிடுகிறது. காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் முதல் அறிமுகமே மோதலாக அமைந்துவிட்டது.

ஆழமான காரணம் 1957-இல் விளங்கிற்று. ஜான் பார்டீன், லியான் கூப்பர், ராபர்ட் ஷ்ரீஃபர் மூவரும் வகுத்த கோட்பாட்டின்படி, மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து ஓடுகின்றன. ஜோடியில் ஒன்றின் ஸ்பின் மேல்நோக்கியது, மற்றதன் ஸ்பின் கீழ்நோக்கியது. சேர்த்து வைப்பது படிகத்தின் அதிர்வு. முன்னே செல்லும் எலக்ட்ரான் சுற்றியுள்ள நேர்மின் அயனிகளைச் சற்றே தன் பக்கம் இழுக்கிறது. அவை பழைய இடத்துக்குத் திரும்புமுன் இன்னோர் எலக்ட்ரான் அங்கே ஈர்க்கப்படுகிறது. இதற்கான சாட்சி 1950-லேயே கிடைத்திருந்தது. பாதரசத்தின் கனமான ஐசோடோப்பை எடுத்தால், மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை சற்றுக் குறைகிறது. அணு கனத்தால் அதிர்வு மெதுவாகும் அல்லவா? அதிர்வுக்கும் மீக்கடத்தலுக்கும் உறவு உண்டு என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. இந்த ஐசோடோப்புச் சாட்சியம் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

ஜோடிக்குப் பக்கத்தில் ஒரு காந்த அணு வந்தால் என்ன ஆகும்? அது ஒரு ஸ்பின்னுக்கு இணங்கும், எதிர் ஸ்பின்னோடு பிணங்கும். இருவரையும் வேறுவேறாக நடத்துவதால் ஜோடி முறிகிறது. காந்தமில்லாத மாசு அப்படியில்லை. இரண்டு ஸ்பின்னையும் அது ஒரே மாதிரி நடத்துவதால் ஜோடிக்குத் தீங்கில்லை என்று பிலிப் ஆண்டர்சன் 1959-இல் காட்டினார். காந்த மாசு எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதைச் சோவியத் நாட்டின் அப்ரிகோசோவும் கோர்கோவும் கணக்கிட்டுவிட்டார்கள். மத்தியாஸின் லாந்தனம் அந்தக் கணக்குக்கு ஒத்துவந்தது.

1977-இல் இன்னும் நாடகமான ஓர் உதாரணம் கிடைத்தது. எர்பியம், ரோடியம், போரான் சேர்ந்த ஒரு சேர்மம் 8.7 கெல்வினில் மீக்கடத்தி ஆகிறது. மேலும் குளிர்வித்தால் மீக்கடத்தல் வலுக்க வேண்டும். ஆனால் 0.9 கெல்வினுக்கு அருகில் எர்பிய அணுக் காந்தங்கள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுத்ததும், மறைந்த மின்தடை திரும்ப வந்துவிட்டது. காந்தம் வென்றது.

இத்தனைக்கும் பிறகு, புதிய மீக்கடத்தி தேடுவோருக்கு மத்தியாஸ் பெயரில் வழங்கிய அறிவுரைகள் என்ன தெரியுமா? ஆக்ஸிஜனைத் தொடாதே. காந்தத்தைத் தொடாதே. மின்காப்பான்களின் பக்கம் போகாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்பாட்டாளர்களை அண்டாதே!

விதிகளை மீறிய பொருள்

1986-இல் சூரிச்சுக்கு அருகில் ரூஷ்லிகானில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜார்ஜ் பெட்நார்ஸும் அலெக்ஸ் முல்லரும் கண்டுபிடித்த பொருள் இந்த விதிகளில் மூன்றை ஒரே மூச்சில் மீறியது. லாந்தனம், பேரியம், தாமிரம், ஆக்ஸிஜன் சேர்ந்த ஆக்ஸைடு அது. பேரியம் சேர்க்காத அதன் மூலப்பொருள் ஒரு மின்காப்பான். அதோடு, அந்த மூலப்பொருள் ஒரு காந்தப் பொருள். அதுவரை இருந்த உச்ச வரம்பு 1973-இல் நையோபியம்–ஜெர்மேனியம் சேர்மத்தில் எட்டிய 23 கெல்வின். புதிய பொருளில் 30 கெல்வினுக்கு மேலேயே மின்தடை சரியத் தொடங்கியது. மறு ஆண்டே இருவருக்கும் நோபல் பரிசு. யிட்ரியப் பொருள் திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினைத் தாண்டியது. 1993-இல் பாதரசம் சேர்ந்த தாமிர ஆக்ஸைடு 133 கெல்வினைத் தொட்டது. சாதாரண அழுத்தத்தில் தாமிர ஆக்ஸைடுகளின் எல்லை இன்றும் அந்த அளவில்தான் நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பெட்நார்ஸும் முல்லரும் காந்தத்தைத் தேடிப் போகவில்லை. எலக்ட்ரான் படிகத்தை வலுவாக நெளிய வைக்கும் பொருள்களில் ஜோடி சேரும் விசையும் வலுவாக இருக்கும் என்று எண்ணித்தான் தாமிர ஆக்ஸைடுக்கு வந்தார்கள். அங்கே காந்தம் காத்திருந்தது.

அந்த மூலப்பொருளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். லாந்தனம் தாமிர ஆக்ஸைடு அடுக்கடுக்கான படிகம். நமக்கு முக்கியமானது தாமிரமும் ஆக்ஸிஜனும் சதுரக் கட்டங்களாக அமைந்த தளம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு தாமிர அயனி. இரண்டு தாமிரங்களுக்கு நடுவே ஓர் ஆக்ஸிஜன். ஒவ்வொரு தாமிரத்திலும் ஜோடி சேராத ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி இது உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே தாமிரத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க நேர்ந்தால் அவற்றின் விலக்குவிசை தாங்காது. அதனால் ஒவ்வொன்றும் தன் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறது, மின்சாரம் ஓடுவதில்லை. நெவில் மாட் விளக்கிய வகை என்பதால் இதை மாட் காப்பான் என்கிறார்கள்.

முடங்கிய எலக்ட்ரானிடம் மிஞ்சியிருப்பது ஸ்பின் ஒன்றுதான். பக்கத்துத் தாமிரத்து எலக்ட்ரானின் ஸ்பின் எதிர்த்திசையில் இருந்தால், நடுவில் உள்ள ஆக்ஸிஜன் வழியாக அது ஒரு கணம் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்; ஆற்றலில் சிறிது ஆதாயம். ஒரே திசையில் இருந்தால் பௌலி விதி அதையும் தடுத்துவிடும். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி நிற்கின்றன. இதுவே எதிர் ஃபெர்ரோ காந்தம். மொத்தக் காந்தம் பூஜ்யம் என்பதால் இது ஓர் ஊசியைக்கூட இழுக்காது. நியூட்ரானுக்கு மட்டும் இது தெரியும், ஏனென்றால் நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம். 1987-இல் நியூட்ரான் கற்றையைச் செலுத்திப் பார்த்தபோது இந்த மாறி மாறி நிற்கும் ஒழுங்கு பளிச்சென்று தெரிந்தது. தூய படிகத்தில் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் வரை அது கலையாமல் நிற்கிறது. பக்கத்து ஸ்பின்களை எதிரெதிராக நிறுத்தும் பரிமாற்ற விசையை வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் சுமார் 1500 கெல்வின். இந்த எண்ணை மனத்தில் வையுங்கள்.

பந்தியும் காலி இலையும்

இனி, லாந்தனத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்ஷியத்தைப் போடுகிறோம். தாமிரத் தளத்திலிருந்து சில எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. அங்கங்கே துளைகள் விழுகின்றன. துளை விழுந்த இடத்துக்குப் பக்கத்து எலக்ட்ரான் நகரலாம். மின்னோட்டத்துக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் காந்த ஒழுங்கு நிறைந்த இடத்தில் ஒரு துளை நகர்வது எளிதல்ல.

ஒரு கல்யாணக் கூடத்தில் வரிசை வரிசையாக இலை போட்டு, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இலை காலியாகிறது. பக்கத்தில் இருந்தவர் அங்கே நகர்ந்தால், இப்போது அவரைச் சுற்றி அவர் இனத்தவரே இருக்கிறார்கள். அவர் விட்ட இலைக்கு அடுத்தவர், அதற்கு அடுத்தவர் என்று நகர நகர, காலி இலை போன வழியெல்லாம் வரிசை குலைந்து கிடக்கிறது. குலைவின் நீளம் கூடக் கூட ஆற்றல் செலவும் கூடுகிறது. இப்போது இரண்டாவது காலி இலை ஒன்று அதே வழியில் பின்னாலேயே வருகிறது. முதலாவது ஓர் இடம் தள்ளிவிட்ட ஒவ்வொருவரையும் இது இன்னும் ஓர் இடம் தள்ளுகிறது. ஆண் இருக்க வேண்டிய இடத்தில் ஆண், பெண் இருக்க வேண்டிய இடத்தில் பெண். முதல் துளை கெடுத்ததை இரண்டாவது துளை சரிசெய்துவிட்டது. தனியாகப் போனால் செலவு, சேர்ந்து போனால் சிக்கனம். ஜோடி சேர்வதற்கு இங்கே படிக அதிர்வு தேவைப்படவில்லை, காந்தமே காரணமாகிவிட்டது.

படம் மிக எளிமையானது. உண்மையான ஸ்பின்கள் குவாண்டம் விதிப்படி ஓயாமல் புரண்டுகொண்டே இருப்பவை. அந்தப் புரளலையே அடித்தளமாக வைத்து ஒரு கோட்பாடு பிறந்தது, அதுவும் நம் பக்கத்து ஊரில் முதலில் ஒலித்தது. 1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த மாநாட்டில் ஆண்டர்சன் தம் கருத்தை முன்வைத்தார். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் நிலையாக அணிவகுக்காமல், இன்று இவனோடு, நாளை அவனோடு என்று துணை மாற்றி மாற்றி ஜோடி சேர்ந்துகொண்டே இருக்கின்றன என்பது அவர் வாதம். அதாவது காப்பானுக்குள்ளேயே ஜோடிகள் தயாராக இருக்கின்றன. துளைகள் வந்ததும் அவை ஓடத் தொடங்கி மீக்கடத்தல் ஆகின்றன. இந்தக் கருத்தைக் கணிதமாக வளர்த்த முதல் கட்டுரைகளில் ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதியவர் ஜி. பாஸ்கரன், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நம் இயற்பியலாளர்.

சோதனை சொல்லும் வரைபடமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. நூறு தாமிரத்துக்கு இரண்டு துளை என்ற அளவிலேயே நீண்டதூரக் காந்த ஒழுங்கு இறந்துவிடுகிறது. ஐந்து துளை அளவில் மீக்கடத்தல் தலைகாட்டுகிறது. பதினாறு துளை அளவில் உச்சம். இருபத்தேழு வாக்கில் அது மறைந்து, பொருள் சாதாரண உலோகமாகிவிடுகிறது. ஒழுங்கு செத்தாலும் ஸ்பின்களின் துடிப்பு சாகவில்லை. மீக்கடத்தல் நிலவும் பரப்பு முழுவதும் நியூட்ரான் அந்தத் துடிப்பைக் காண்கிறது.

இங்கேதான் இன்று நான் சொல்ல வந்தது இருக்கிறது. மீக்கடத்தலுக்குப் பகை, நிலைகொண்டு உறைந்த காந்தம். உறையாமல் துடித்துக்கொண்டிருக்கும் காந்தமோ அதற்குத் துணை. இதற்குச் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துத்தநாகம் காட்டிக்கொடுத்தது

முதலில் கடோலினியப் புதிர். யிட்ரியப் பொருளில் கடோலினியம் உட்காருமிடம் இரண்டு தாமிரத் தளங்களுக்கு இடைப்பட்ட வெளி. ஜோடிகள் ஓடும் தளத்தோடு அதற்குத் தொடர்பு மிகக் குறைவு. லாந்தனத்திலோ அது ஜோடிகளின் நடுவீட்டிலேயே போய் உட்கார்ந்தது. ஆகவே கடோலினியம் சாதுவாகிவிடவில்லை. அதை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்படியானால் நடுவீட்டில், தாமிரத்தின் இடத்திலேயே, கைவைத்தால்? நிக்கலையும் துத்தநாகத்தையும் போட்டுப் பார்த்தார்கள். நிக்கல் அயனி காந்தம் உள்ளது. துத்தநாக அயனியில் எல்லா எலக்ட்ரான்களும் ஜோடியாகவே இருப்பதால் காந்தம் அறவே கிடையாது. பழைய பாடப்படி நிக்கல் கொல்ல வேண்டும், துத்தநாகம் சும்மா இருக்க வேண்டும். நடந்தது வேறு. யிட்ரியப் பொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு துத்தநாகம் சேர்த்தாலே மாறுநிலை வெப்பநிலை பத்துக் கெல்வின் அளவுக்குச் சரிகிறது. நிக்கல் அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை.

2000-ஆம் ஆண்டு பெர்க்லியில் ஷேமஸ் டேவிஸ் குழுவினர் பிஸ்மத் வகைத் தாமிர ஆக்ஸைடில் ஒற்றைத் துத்தநாக அணுவையே துருவு நுண்ணோக்கியால் நேரில் பார்த்தார்கள். அணு அணுவாக மேற்பரப்பைத் தடவிச் செல்லும் ஊசி முனை அது. துத்தநாகம் இருந்த இடத்தில் ஒரு பிரகாசமான புள்ளி. அதிலிருந்து நான்கு திசையில் சிலுவைபோல் நீளும் ஒளிக்கைகள். சுற்றிலும் சுமார் ஒன்றரை நானோமீட்டர் தூரத்துக்குள் மீக்கடத்தலின் அடையாளம் அழிந்து கிடந்தது. நிக்கல் அணுவைப் பார்த்தபோது அந்த அழிவு தெரியவில்லை. அதன் அருகிலும் மீக்கடத்தல் உயிரோடு இருந்தது.

காந்தமற்ற அணு ஏன் இப்படிக் கெடுக்கிறது? துத்தநாகம் தனக்குக் காந்தமில்லை என்பதோடு நிற்கவில்லை. துணை மாற்றித் துடித்துக்கொண்டிருந்த ஸ்பின்களின் வலையில் ஓர் ஓட்டையைப் போடுகிறது. சுற்றியுள்ள தாமிர ஸ்பின்கள் துணையிழந்து தனியே நிற்கின்றன. பிரான்சில் ஆன்றி அலூல் குழுவினர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையால் இதை அளந்தார்கள்: துத்தநாகத்தைச் சுற்றிய தாமிரங்களில் புதிய காந்தத் திருப்புத்திறன் முளைத்திருந்தது. காந்தத் துடிப்பைக் கலைத்தால் மீக்கடத்தலும் கலைகிறது.

உறைந்தால் கேடு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். துடிப்பு துணை என்றால், அதை உறைய வைத்தால் மீக்கடத்தல் கெட வேண்டும். பெட்நார்ஸும் முல்லரும் கண்ட அதே லாந்தனம்–பேரியம் பொருளில் ஒரு விசித்திரம் உண்டு. துளைகளின் அளவு சரியாக எட்டில் ஒரு பங்கை நெருங்கும்போது மாறுநிலை வெப்பநிலை 30 கெல்வின் அளவிலிருந்து சில கெல்வினுக்குத் திடீரென்று சரிகிறது. அந்த இடத்தைத் தாண்டியதும் மீண்டும் ஏறுகிறது. 1988-லேயே இது தெரியும், காரணம் தெரியவில்லை.

1995-இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஜான் டிரான்குவாடாவும் கூட்டாளிகளும் இதற்கு நெருங்கிய உறவான ஒரு படிகத்தில் நியூட்ரான்களைச் செலுத்திப் பார்த்தார்கள். துளைகள் எல்லாம் கோடு கோடாக ஒதுங்கி நின்றன. கோடுகளுக்கு நடுவே ஸ்பின்கள் மேல், கீழ் என்று அணிவகுத்து உறைந்திருந்தன. அதாவது எட்டில் ஒரு பங்கு என்ற அளவு அந்தக் கோடுகள் படிகத்தோடு பொருந்தி நின்றுபோக வசதியான அளவு. காந்தம் நின்றது, மீக்கடத்தல் விழுந்தது. 2007-இல் வந்த மறுதிருப்பம் இன்னும் சுவையானது. அதே எட்டில் ஒரு பங்குப் பொருளில், ஒவ்வொரு தளத்துக்குள்ளும் மீக்கடத்தலின் அறிகுறி 40 கெல்வினிலேயே தொடங்கிவிடுவது தெரிந்தது. தளத்துக்குத் தளம் ஒத்துப்போக முடியாமல்தான் முழுப்படிகம் தடுமாறுகிறது. காந்தம் உறைந்த நிலையிலும் ஜோடிகள் சாகவில்லை. அவற்றின் ஒற்றுமைதான் கெட்டது.

வெளியிலிருந்து காந்தப் புலம் கொடுத்தும் இதைக் காணலாம். இவ்வகை மீக்கடத்தியில் புலம் நுண்ணிய சுழிகளாக உள்ளே புகும். சுழியின் நடுவில் மீக்கடத்தல் இருக்காது. 2001, 2002 ஆண்டுகளில் பெல்லா லேக் தலைமையிலான குழு, புலம் கொடுத்ததும் அந்தச் சுழிகளைச் சுற்றி எதிர் ஃபெர்ரோ காந்தம் தலைதூக்குவதை நியூட்ரான்களால் கண்டது. மீக்கடத்தல் எங்கே பின்வாங்குகிறதோ, அங்கே உறைந்த காந்தம் வந்து அமர்கிறது.

மீக்கடத்தல் வென்ற இடத்தில் துடிப்பு என்ன ஆகிறது? 1991-இல் கிரனோபிளில் ரோசா-மின்யோ குழு யிட்ரியப் பொருளில் பார்த்தது: மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்ததும், 41 மில்லி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் ஸ்பின் துடிப்பு ஒரு கூர்முனையாகத் திரள்கிறது. ஜோடி சேர்ந்தால் துடிப்பும் மாறுகிறது. இருவரும் ஒரே வீட்டில் வாழ்பவர்கள் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

அரைப் பாயம்

ஒரே வீட்டில் வாழ்வது வேறு, ஒருவர் மற்றவருக்குக் காரணமாவது வேறு. காரணத்துக்கு நெருங்கிய சான்று ஜோடியின் வடிவத்தில் இருக்கிறது.

அதிர்வால் பிணைந்த ஜோடியின் அலைச்சார்பு எல்லாத் திசையிலும் ஒரே குறி கொண்டது. காந்தத்தால் பிணைந்தால் அப்படி இருக்க முடியாது. காந்தம் ஒரே அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான்களை இழுப்பதில்லை. பக்கத்து அணுவில் எதிர் ஸ்பின்னைத்தான் விரும்புகிறது. கணக்குப் போட்டால் அலைச்சார்பு கட்டத்தின் ஒரு திசையில் நேர்க்குறியும், அதற்குச் செங்குத்தான திசையில் எதிர்க்குறியும் கொண்ட நான்கு மடல் வடிவம் பெறுகிறது. இதை டி-அலை என்கிறார்கள். ஸ்பின் துடிப்பு இந்த வடிவத்தைத் தரும் என்று ஸ்கேலபினோ, லோ, ஹிர்ஷ் மூவரும் 1986-லேயே, தாமிர ஆக்ஸைடுகள் பேசப்படுவதற்கு முன்பே, எழுதியிருந்தார்கள்.

குறி மாறுவதை எப்படி அளப்பது? 1994-இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் சாங் சுவேயும் ஜான் கர்ட்லியும் செய்த சோதனை அழகு. மூன்று படிகங்களை வெவ்வேறு கோணத்தில் ஒட்டிய ஓர் அடித்தட்டு. அதன்மேல் யிட்ரியப் பொருளின் மெல்லிய படலம். படலத்தில் சில பத்து மைக்ரோமீட்டர் அகலமுள்ள நான்கு வளையங்கள். நான்கில் ஒன்று மட்டும் மூன்று படிகங்களும் சந்திக்கும் புள்ளியைச் சுற்றி அமையும்படி வெட்டப்பட்டது. மீக்கடத்தி வளையத்துக்குள் காந்தப் பாயம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட அலகின் முழு மடங்காகவே இருக்கும்: பூஜ்யம், ஒன்று, இரண்டு. ஆனால் சுற்றிவரும் வழியில் அலைச்சார்பின் குறி ஒற்றைப்படைத் தடவை மாறினால், அந்த வளையத்தில் அரை அலகு தானாகவே தோன்றியாக வேண்டும். குளிர்வித்துவிட்டு நுண்ணிய காந்த உணர்வியை மேலே ஓட்டினார்கள். மூன்று வளையங்களில் ஒன்றுமில்லை. நடு வளையத்தில் துல்லியமாக அரைப் பாயம். யாரும் புலம் கொடுக்காமலே அது அங்கே பிறந்திருந்தது. டி-அலை பற்றிய வழக்கு ஏறக்குறைய அன்றோடு முடிந்தது.

பாதரசத்துக்கு ஐசோடோப்பு கொடுத்த சாட்சியத்தைப் போல இங்கும் ஒன்று வேண்டும் அல்லவா? அதிர்வின் இடத்தில் பரிமாற்ற விசையை வைத்து, அதைக் கூட்டிக் குறைத்து, ஜோடிகள் கூடிக் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். 2022-இல் டேவிஸின் குழு அதைச் செய்தது. பிஸ்மத் வகைப் படிகத்தில் இயற்கையாகவே ஒரு நெளிவு உண்டு. அதனால் தாமிரத்துக்கும் அதன் மேலுள்ள ஆக்ஸிஜனுக்கும் இடைவெளி இடத்துக்கு இடம் மாறுகிறது. அதோடு பரிமாற்ற விசையைத் தீர்மானிக்கும் ஆற்றலும் மாறுகிறது. ஒரே படிகத்தில் அந்த ஆற்றலையும் ஜோடிகளின் அடர்த்தியையும் சேர்த்தே அளந்தார்கள். பரிமாற்ற விசை வலுக்க வேண்டிய இடங்களில் ஜோடிகள் அடர்ந்திருந்தன.

இரும்பும் வந்து சேர்ந்தது

தாமிரத்தோடு கதை முடிந்திருந்தால், தற்செயல் என்று ஒதுக்கலாம். 2008-இல் தோக்கியோவில் ஹிடியோ ஹோசோனோவின் குழு இரும்பும் ஆர்சனிக்கும் உள்ள ஒரு சேர்மம் 26 கெல்வினில் மீக்கடத்தி ஆவதைக் கண்டது. காந்தம் என்றாலே நினைவுக்கு வரும் இரும்பு! சில மாதங்களில் சீன ஆய்வாளர்கள் அதை 55 கெல்வினுக்கு உயர்த்தினார்கள். அங்கேயும் அதே கதை: மூலப்பொருள் 140 கெல்வின் அளவில் எதிர் ஃபெர்ரோ காந்தமாகிறது, மாசூட்டி அதை அடக்கினால் மீக்கடத்தல் எழுகிறது. இதற்கெல்லாம் முன்னோடி 1979-இல் ஜெர்மனியில் ஃபிராங்க் ஸ்டெக்லிஷ் கண்ட சீரியம்–தாமிரம்–சிலிக்கான் சேர்மம். அதன் மீக்கடத்தல் ஒரு கெல்வினுக்கும் கீழே என்பதால் பலர் அப்போது பொருட்படுத்தவில்லை. 2019 முதல் நிக்கல் ஆக்ஸைடுகளும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன.

எதிர்வாதங்களையும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. தாமிர ஆக்ஸைடுகளிலும் எலக்ட்ரான்களின் ஓட்டத்தில் படிக அதிர்வின் தடம் தெரிகிறது. துளைகள் மிகுந்து மீக்கடத்தல் தேய்ந்த பிறகும், உயர் ஆற்றல் ஸ்பின் துடிப்புகள் பெரிதாகக் குறையவில்லை என்று எக்ஸ்-கதிர் அளவீடுகள் சொல்கின்றன. துடிப்பு மட்டுமே காரணமென்றால் இது இடிக்கிறது. காந்தமே தொடாமல் உயரம் போகும் வழியும் உண்டு. 2015-இல் ஹைட்ரஜன் சல்பைடை 15 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கி 203 கெல்வினில் மீக்கடத்தியாக்கினார்கள். அது பழைய அதிர்வுக் கோட்பாட்டின் வெற்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாமிர ஆக்ஸைடின் வேதியியல் வாய்பாட்டைக் கொடுத்தால் அதன் மாறுநிலை வெப்பநிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கோட்பாடு இன்னும் நம் கையில் இல்லை.

மாணவ நண்பர்களே, உங்களுக்காக ஒரு கணக்கை விட்டுச் செல்கிறேன். தாமிர ஸ்பின்களைப் பிணைக்கும் விசை 1500 கெல்வின் என்று சொன்னேன். நமக்குக் கிடைத்த மீக்கடத்தல் 133 கெல்வின். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எங்கே போகிறது? கோடுகளாக உறையும் காந்தம் ஒரு பங்கைத் தின்கிறது. துளைகள் குறைந்த இடத்தில், ஜோடிகள் இருந்தும் ஒன்றுபட்டு ஓட ஆள்பலம் போதாமை ஒரு பங்கைத் தின்கிறது. துளைகள் மிகுந்தால் பிணைக்கும் விசையே தளர்கிறது. இந்த மூன்றில் எதை எவ்வளவு குறைக்கலாம் என்பது வேதியியல் கேள்வி, பொறியியல் கேள்வி, கோட்பாட்டுக் கேள்வி எல்லாமே. அறை வெப்பநிலைக்கு நமக்குத் தேவை 300 கெல்வின், அதாவது அந்த 1500-இல் ஐந்தில் ஒரு பங்கு. அதைத் தடுக்கும் இயற்கை விதி எதுவும் இதுவரை தெரியவில்லை. மத்தியாஸின் காலத்தில் காந்தப் பொருளைக் கண்டால் ஒதுங்கிப் போகச் சொன்னார்கள். இன்று புதிய மீக்கடத்தி தேடுபவர், ஒழுங்கை இழக்கும் தறுவாயில் நிற்கும் காந்தப் பொருளைத்தான் முதலில் கையில் எடுக்கிறார். அந்தத் தறுவாயை எப்படி நீட்டித்து வைப்பது என்று கண்டுபிடிப்பதே உங்கள் தலைமுறையின் வேலை.